விரிதாளில் சதவீதத்தைப் படமாகக் காட்டுதல்: நூறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

கணக்கிட்டு வைத்திருக்கும் சதவீதங்களை விரிதாளிலேயே, வெறும் எண்ணாக இல்லாமல், பார்த்தவுடன் மனத்தில் பதியும் படமாகக் காட்டுவது எப்படி, எண் மாறும்போது படமும் தானாகவே மாறும்படி அமைக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். எக்செல்லில் இதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரெஆபிஸ் கால்க்கிலும் சிறு மாற்றத்தோடு செயல்படும். ஆனால் வழிகளுக்குள் நுழைவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சதவீதம் தனித்து நிற்கும் எண் அன்று. நூறு என்ற முழுமையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. 65 சதவீதத்தைக் காட்டும் படத்தில் 65 மட்டும் தெரிந்தால் போதாது. மீதமுள்ள 35-உம், இரண்டும் சேர்ந்த நூறும் தெரிய வேண்டும். விரிதாள் மென்பொருள்கள் தாமாகத் தேர்ந்துகொள்ளும் அமைப்புகள் பல இந்த நூறைத்தான் முதலில் மறைத்துவிடுகின்றன. படம் அழகாக இருக்கும், சொல்லும் செய்தியோ பிழையாக இருக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு வழியையும் சொல்லும்போது, அதில் நூறை எங்கே கட்டிப்போடுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பிய 480 படிவங்களில் 312 நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன என்றால், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது 0.65, கட்டத்துக்குச் சதவீத வடிவம் கொடுத்தால் அது 65% என்று தெரியும். கட்டத்துக்குள் இருப்பது 0.65 தான், 65 அன்று. சூத்திரத்திலேயே நூறால் பெருக்கிவிட்டுப் பிறகு சதவீத வடிவமும் கொடுத்தால் 6500% என்று வந்து நிற்கும். பல படங்கள் கோணலாகப் போவதற்கு இந்த இரட்டைப் பெருக்கலே காரணம் என்பதால், 0-இலிருந்து 1 வரையிலான பின்னமாகவே எண்ணை வைத்துக்கொண்டு, காட்சிக்கு மட்டும் சதவீத வடிவம் கொடுப்பது நல்லது. வகுக்கும் எண் பூச்சியமாக இருக்க வாய்ப்புள்ள இடத்தில், இஃப் சார்பின் மூலம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அங்கே 0% என்று காட்டுவது தவறு, ஏனெனில் எதுவும் அனுப்பப்படாத நிலையும் அனுப்பியதில் ஒன்றும் திரும்பி வராத நிலையும் ஒன்றல்ல.

சதவீதங்களுக்குச் சராசரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பிரிவில் 10-க்கு 9, இன்னொரு பிரிவில் 100-க்கு 50 என்றால், 90 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் சராசரி 70 என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மையில் 110-க்கு 59 தான் வந்திருக்கிறது, அது 53.6 சதவீதம். மொத்தத்தைக் காட்டும் படத்துக்கு மூல எண்களைக் கூட்டி வகுத்துப் பெற்ற சதவீதத்தையே கொடுக்க வேண்டும். இது கணக்குப் பகுதி என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள், ஆனால் படம் எவ்வளவு ஈர்ப்பாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியாக அந்தத் தவறான 70 பார்ப்பவர் மனத்தில் தங்கிவிடும்.

வரிசையாகப் பல சதவீதங்கள் இருந்தால் எளிதானதும் நம்பகமானதும் டேட்டா பார் தான். எண்கள் உள்ள நிரலைத் தேர்ந்துகொண்டு, ஹோம் பட்டையில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதற்குள் டேட்டா பார்ஸ் என்று போனால் கட்டத்துக்குள்ளேயே பட்டை வந்துவிடும். இது எக்செல் 2007-இல் அறிமுகமானது. 2010 பதிப்பில் ஒரே நிறத்தில் அடர்த்தியாக நிரப்பும் வசதியும் வந்தது. பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் தானியங்கி அமைப்பில், அந்த நிரலில் உள்ள எண்களில் எது பெரியதோ அதற்கு முழுக் கட்டத்தையும் எக்செல் கொடுத்துவிடுகிறது. மிகப் பெரிய எண் 42% ஆக இருந்தாலும் பட்டை கட்டத்தை முழுவதும் நிரப்பி நிற்கும். ஒரு கூட்டத்தில் இப்படிப்பட்ட தாள் ஒன்றைத் திரையில் காட்டியபோது, பாதி வேலைகூட முடியாத பிரிவு ஒன்று வேலையை முடித்துவிட்டதாக அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எண் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது, ஆனால் கண் பட்டையைத்தான் நம்பியது.

இதைச் சரிசெய்ய, டேட்டா பார்ஸ் பட்டியலின் அடியில் உள்ள மோர் ரூல்ஸ் என்பதைத் திறந்து, மினிமம், மேக்ஸிமம் இரண்டின் வகையையும் நம்பர் என்று மாற்றி, முறையே 0 என்றும் 1 என்றும் எழுதுங்கள். இப்போது 42% கட்டத்தின் அகலத்தில் 42 பங்கை மட்டுமே நிரப்பும். அடுத்து அந்தக் கட்டங்களுக்கு மெல்லிய சாம்பல் பின்னணி நிறம் கொடுத்துவிட்டு, பட்டைக்கு அடர்த்தியான ஒரே நிறத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பட்டை எட்டாத பகுதி சாம்பலாகத் தெரியும். மீதம் எவ்வளவு என்பதும் முழுமை எது என்பதும் தனியே விளக்காமலே புலப்படும். எண்ணும் பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து படிக்கச் சிரமமாக இருந்தால், பக்கத்து நிரலில் அதே எண்ணைச் சூத்திரத்தால் கொண்டுவந்து, அங்கே மட்டும் ஷோ பார் ஒன்லி என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். இடது நிரலில் எண், வலது நிரலில் பட்டை என்று அமையும். லிப்ரெஆபிஸ் கால்க்கிலும் இதே அமைப்பு உண்டு. அங்கேயும் சிறும, பெரும மதிப்புகளை நீங்களே எழுத வேண்டும். கூகுள் ஷீட்ஸில் ஸ்பார்க்லைன் சார்பில் வரைபட வகை பார் என்றும், பெரும மதிப்பு 1 என்றும் குறிப்பிட்டால் இதே பட்டை கிடைக்கும். அந்தப் பெரும மதிப்பைக் குறிப்பிட மறந்தால் எல்லாப் பட்டைகளும் முழுதாக நிற்பதைக் காணலாம்.

எந்த மென்பொருளிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் இன்னொரு வழி, எழுத்துகளையே பட்டையாக அடுக்குவது. ரெப்ட் (REPT) என்ற சார்பு ஒரு குறியை நாம் சொல்லும் எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப எழுதும். 20 குறிகள் நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு குறிக்கு 5 சதவீதம். சதவீதத்தை 20-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கி அத்தனை கறுப்புக் கட்டிகளையும், 20-இலிருந்து அதைக் கழித்து மீதிக்கு மங்கலான கட்டிகளையும் எழுதச் சொன்னால், 65% இப்படித் தெரியும்:

█████████████░░░░░░░

13 கறுப்பு, 7 மங்கல். கறுப்புக் கட்டியைத் தட்டச்சு செய்யத் தெரியாவிட்டால் யூனிகேர் (UNICHAR) சார்புக்கு 9608 என்ற எண்ணையும், மங்கலான கட்டிக்கு 9617 என்ற எண்ணையும் கொடுங்கள். முழு எண்ணாக்குவதை ரெப்ட் சார்பிடம் விட்டுவிடாமல் ரவுண்ட் சார்பை நீங்களே இட வேண்டும். ரெப்ட் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும் என்பதால், இரண்டு பகுதிகளும் சேர்ந்து சில வரிசைகளில் 20-க்குப் பதில் 19 கட்டிகளாக வந்து, பட்டைகளின் முனை ஒழுங்கற்றுப்போகும். இரு குறிகளுக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். இது வெறும் எழுத்து என்பதால் மின்னஞ்சலில் ஒட்டினாலும் அப்படியே போய்ச் சேரும் என்பது இதன் பெரிய வசதி. 5 சதவீதத்துக்குக் கீழான வேறுபாடுகள் இதில் தெரியாது என்பது குறை.

ஒரே ஒரு சதவீதத்தைப் பெரிதாக, தாளின் முகப்பில் நிறுத்திக் காட்ட வேண்டுமென்றால் டோனட் வரைபடம் எல்லோருக்கும் பிடித்தமானது. வட்டத்தைப் பங்கிட்டுக் காட்டும் பை வரைபடத்தை வில்லியம் பிளேஃபேர் 1801-இல் அச்சில் கொண்டுவந்தார்; அதன் நடுவை வெட்டியெடுத்தால் டோனட். அடுத்தடுத்த இரு கட்டங்களில் சதவீதத்தையும், 1-இலிருந்து அதைக் கழித்த மீதியையும் வைத்து, இரண்டையும் தேர்ந்து டோனட்டை வரையுங்கள். மீதித் துண்டுக்கு மெல்லிய சாம்பல் நிறம்; முதல் துண்டுக்கு உங்கள் நிறம். குறிவிளக்கம், தலைப்பு இரண்டையும் நீக்கிவிடலாம். ஹோல் சைஸ் என்ற அமைப்பில் 70 அல்லது 75 வைத்தால் வளையம் மெலிந்து நடுவில் எண்ணுக்கு இடம் கிடைக்கும்.

நடுவில் எழுதும் எண்ணைத் தட்டச்சு செய்துவிடாதீர்கள். நாளை கணக்கு மாறும்போது வளையம் நகரும், எண் நகராது. வரைபடத்தைத் தேர்ந்த நிலையில் உரைப்பெட்டி ஒன்றைச் செருகுங்கள். அப்போதுதான் அது வரைபடத்தோடு சேர்ந்தே இடம்பெயரும். பெட்டிக்குள் எழுதாமல் அதன் விளிம்பைச் சொடுக்கித் தேர்ந்துகொண்டு, மேலே உள்ள ஃபார்முலா பாரில் சமக்குறி இட்டு, சதவீதம் உள்ள கட்டத்தைச் சொடுக்கி என்டர் தட்டுங்கள். இனி அந்தக் கட்டத்தில் என்ன தெரிகிறதோ அதுவே பெட்டியிலும் தெரியும். இந்த இணைப்பு ஒரு கட்டத்தை மட்டும் சுட்டும், கணக்கு எதையும் ஏற்காது. ஆகவே ‘65% வந்தன’ என்பது போல எண்ணோடு சொல்லும் சேர்ந்து வர வேண்டுமென்றால், டெக்ஸ்ட் சார்பால் அந்த வாசகத்தைத் தனிக் கட்டமொன்றில் ஆக்கிவைத்து, அந்தக் கட்டத்தோடு பெட்டியை இணைக்க வேண்டும்.

டோனட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இலக்கைத் தாண்டி 120% வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1-இலிருந்து 1.2 போக மைனஸ் 0.2. பை, டோனட் வரைபடங்களில் எக்செல் மைனஸ் குறியைப் பொருட்படுத்தாமல் அதை 0.2 என்றே வரையும். மொத்தம் 1.4 ஆகிவிடுகிறது, அதில் 1.2 என்பது சுமார் 86 சதவீதம். இலக்கைத் தாண்டிய பிரிவு இலக்கை எட்டாதது போலப் படத்தில் தெரியும், நடுவில் மட்டும் 120% என்று எழுதியிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதைத் தவிர்க்க, வளையத்துக்குத் தரும் முதல் எண்ணை மின் (MIN) சார்பால் 1-க்கு மேல் போகாமலும், இரண்டாவது எண்ணை மேக்ஸ் சார்பால் 0-க்குக் கீழ் போகாமலும் கட்டிவிடுங்கள். வளையம் முழுதாக நிற்கும். நடுவில் உள்ள எண் உண்மையான 120-ஐச் சொல்லும்.

வண்டியின் வேகமானி போன்ற அரைவட்டம் வேண்டுமென்றால், இந்த இரண்டு எண்களோடு மூன்றாவதாக 1 என்பதையும் சேர்த்து, முதல் துண்டின் தொடக்கக் கோணத்தை 270 பாகை என்று வைத்து, மூன்றாவது துண்டின் நிறத்தை நீக்கிவிட்டால் போதும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆயினும் முழு வளையத்தில் ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை கிடைப்பதற்கு மாறாக இங்கே 1.8 பாகைதான் கிடைக்கிறது என்பதால், நெருங்கிய எண்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களை அடுக்கும் பாணியை நான் பரிந்துரைப்பதே இல்லை. ஒரே 65% வெளிவளையத்தில் நீண்டும் உள்வளையத்தில் குறுகியும் தெரியும்.

மக்களுக்குச் சதவீதத்தை விளக்க எனக்கு மிகவும் பிடித்தது நூறு கட்டங்களை வெட்டி வைத்த படம், அதாவது வாஃபிள். பத்துக்குப் பத்து என்று கட்டங்களைத் தேர்ந்து, நிரலின் அகலத்தையும் நிரையின் உயரத்தையும் சமமாக்கிச் சதுரமாக்குங்கள். கீழ் நிரையில் இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரையும், அதற்கு மேல் நிரையில் 11 முதல் 20 வரையும், இப்படியே உச்சியில் 100 வரையும் எண்களை நிரப்புங்கள். பிறகு கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில், கட்டத்தின் எண் சதவீதத்தின் நூறு மடங்குக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நிறம் ஏற்று என்று விதி எழுதுங்கள். எண்களை மறைக்க, கஸ்டம் வடிவத்தில் மூன்று அரைப்புள்ளிகளை (;;;) இட்டால் போதும். கட்டங்களில் 0.01, 0.02 என்று பின்னங்களை வைக்காமல் முழு எண்களை வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பின்னங்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது கணினியின் இரும எண்முறையில் மிகச் சிறிய பிசகு சேர்ந்து, சமமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் நிறம் ஏறாமல் போகலாம். தயாரான வாஃபிளை நகலெடுத்து, லிங்க்ட் பிக்சர் என்ற முறையில் வேறு தாளில் ஒட்டினால், மூலம் மாறும்போது அந்தப் படமும் மாறும். முகப்புத் தாளில் நிரல்களின் அகலத்தைக் குலைக்க வேண்டியதில்லை.

இங்கே சதவீதத்தை முழு எண்ணாக்கும் விதத்தை யோசித்து முடிவுசெய்ய வேண்டும். 99.6 சதவீதத்தை ரவுண்ட் சார்பில் இட்டால் 100 கட்டங்களும் நிறைந்துவிடும். வேலை முடிந்துவிட்டது என்றே யாரும் படிப்பார்கள். முடிவுற்றதைக் காட்டும் படங்களில் ரவுண்ட்டவுன் சார்பைப் பயன்படுத்தி, உண்மையில் எல்லாம் முடிந்தால் மட்டுமே நூறாவது கட்டம் நிறம் பெறும்படி வைப்பதே நேர்மை என்பது என் கருத்து. அந்த ஒரு வெள்ளைக் கட்டம் இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும்.

கேள்வியில் உள்ள ‘மனத்தில் பதியும் படம்’ என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வருவது, ஒரு உருவம் அடியிலிருந்து மேலாக நிறம் நிறைவது போன்ற படம். இதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: உங்கள் சதவீதம், 100%. இரண்டையும் கொண்டு நெடும்பட்டை வரைபடம் வரைந்து, ஸ்விட்ச் ரோ காலம் (Switch Row/Column) என்பதைத் தட்டி இரண்டையும் தனித்தனித் தொடர்களாக ஆக்குங்கள். செங்குத்து அச்சின் சிறுமம் 0, பெருமம் 1 என்று கட்டுங்கள். ஒரே உருவத்தை வெளிர் நிறத்தில் ஒன்றும் அடர் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு படங்களாகச் செய்துகொண்டு, வெளிர்ப் படத்தை நகலெடுத்து 100% பட்டையைத் தேர்ந்து ஒட்டுங்கள். அடர்ப் படத்தை உங்கள் சதவீதப் பட்டையில் ஒட்டுங்கள். சீரிஸ் ஓவர்லேப்பை 100 ஆக்கினால் ஒன்றன்மேல் ஒன்று அமரும். சதவீதத் தொடர் வரிசையில் பின்னால் வந்தால்தான் அது மேலே தெரியும். இந்த நிலையில் அடர் உருவம் 65% உயரத்துக்கு நசுங்கிக் குள்ளமாக நிற்கும், ஏனெனில் படம் பட்டையின் அளவுக்கு இழுக்கப்படுவதே இயல்பமைப்பு. நிரப்பும் அமைப்பில் ஸ்டேக் அண்ட் ஸ்கேல் வித் என்பதைத் தேர்ந்து, அதன் அளவை 1 என்று எழுதியவுடன், நசுங்கிய உருவம் தன் முழு அளவுக்கு வந்து, 65% உயரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும்.

இந்த முறைக்கு எந்த உருவத்தை எடுப்பது என்பதில் கவனம் தேவை. நிறம் உயரத்தால் அளக்கப்படுகிறது, கண்ணோ பரப்பைப் பார்க்கிறது. மனித உருவத்தில் கால்கள் மெலிந்தும் உடல் அகன்றும் இருப்பதால் பாதி உயரம் பாதிப் பரப்பு ஆகாது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள குடுவை, கட்டடம், பென்சில் போன்றவை பொருந்தும். ஆட்களின் எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டுமென்றால், பத்துச் சிறு உருவங்களை வரிசையில் நிறுத்தி ஆறரை உருவங்களுக்கு நிறம் கொடுப்பது மேல். 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கி வளர்த்த படப் புள்ளியியல் முறையின் அடிப்படை விதியும் இதுதான்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. உயரத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறதே!

இவற்றில் எதைத் தேர்வது? ஒரு எண்ணை முன்னிறுத்த டோனட்டோ வாஃபிளோ போதும். பல எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் பட்டைகளுக்கே போங்கள். 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவுகோலின்மேல் அமைந்த இடத்தையும் நீளத்தையும் மனிதர்கள் கோணத்தையும் பரப்பையும்விடத் துல்லியமாக மதிப்பிடுகிறார்கள். வெவ்வேறு முழுமைகளிலிருந்து வந்த சதவீதங்களை ஒரே பை வரைபடத்தில் இடவே கூடாது. மூன்று பிரிவுகளின் 65, 40, 80 ஆகியவற்றை அப்படி இட்டால் மொத்தம் 185 ஆகி, 65 என்பது வட்டத்தில் சுமார் 35 பங்காகச் சுருங்கும். எக்செல் மறுப்புச் சொல்லாமல் வரைந்துகொடுக்கும். ஒரே முழுமையின் பங்குகள் என்றால் மட்டும் பையோ, நூறு சதவீத அடுக்குப் பட்டையோ பொருந்தும்.

நிறத்தில், முடிந்ததற்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்ற வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வடஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. மற்ற மக்களிடமும் இக்குறை உண்டு. அடர் நீலமும் வெளிர் சாம்பலும் எல்லோருக்கும் பிரிந்து தெரியும், கறுப்புவெள்ளையில் அச்சிட்டாலும் நிற்கும். சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு ஏற்றத்தைக் குறிப்பிடுவதாக இருந்தால், 40 சதவீதம் 50 ஆனதை 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது என்று எழுதுங்கள்; ‘10 சதவீதம் உயர்ந்தது’ என்பது பிழை, உயர்வு 25 சதவீதம்.

படத்தைப் பிறரிடம் கொடுப்பதற்கு முன், சதவீதம் உள்ள கட்டத்தில் 0%, 0.4%, 65%, 99.6%, 100%, 120% என்ற ஆறு சதவீதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, கடைசியில் கட்டத்தை வெறுமையாகவும் விட்டு, ஒவ்வொரு முறையும் படம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 65-க்கு எல்லாப் படங்களும் சரியாகவே இருக்கும். கட்டப்படாத அச்சு, மைனஸ் ஆன மீதி, முந்திக்கொண்டு நிறைந்த நூறாவது கட்டம் ஆகிய எல்லாம் மற்ற எண்களில்தான் வெளிப்படும். சோதனை முடிந்ததும் அந்தக் கட்டத்தில் பழைய சூத்திரத்தைத் திரும்ப இட்டுவிட்டுச் சேமியுங்கள்.